அல்சாஸில் சந்தடியற்ற சாலைகளைத் தேடி

பிரான்ஸின் கிழக்கு ஓரத்தில், ரைன் ஆற்றுக்கும் வோஜ் மலைத்தொடருக்கும் நடுவே வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் அல்சாஸுக்குச் சைக்கிளோடு வர விரும்பும் நண்பர்கள், ஸ்ட்ராஸ்பூரில் வசிக்கும் என்னிடம் முதலில் விசாரிப்பது அங்குள்ள 'ஒயின் சாலை'யைப் பற்றித்தான். மார்லன்ஹைமில் தொடங்கித் தெற்கே டான் என்ற சிறு நகரம் வரை ஏறத்தாழ 170 கிலோமீட்டர் செல்லும் அந்தச் சாலை 1953ஆம் ஆண்டில் தொடங்கிவைக்கப்பட்டது. அழகில் அதற்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் காரில் வந்து, கிராமத்துக்குக் கிராமம் இறங்கி, ஒயினைச் சுவைத்துப் பார்த்துப் பெட்டி பெட்டியாக வாங்கிச் செல்பவர்களுக்காக ஏற்பட்ட சாலை அது. கோடை விடுமுறைக் காலத்தில் அங்கே சைக்கிள் ஓட்டுபவர் திராட்சைக் கொடிகளைவிடச் சுற்றுலாப் பேருந்துகளின் பின்புறத்தையே அதிகம் பார்க்க நேரிடும். ஆகவே அந்தச் சாலையை விட்டுச் சற்று மேலே ஏறுங்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்லும் முதல் யோசனை.

இதற்கான காரணம் நிலத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே பூமியின் மேலோடு பிளந்து, நடுப்பகுதி கீழே இறங்கி ரைன் சமவெளியானது. இரு பக்கமும் எஞ்சி நின்ற விளிம்புகளில் மேற்கே உள்ளது வோஜ் மலை, ஆற்றுக்கு அப்பால் ஜெர்மனியில் உள்ளது கருங்காடு. சரிவு முறிந்து உடைந்த இடமாதலால் கருங்கல், மணற்கல், சுண்ணாம்புக்கல் என்று மண் அடிக்கடி மாறுகிறது. 51 தோட்டப் பகுதிகள் 'கிரான் க்ரூ' (உயர்தர ஒயின் தோட்டம்) என்று தனித்தனியே பெயர் பெற்றிருப்பதற்கு இந்த மண் வேறுபாடு முக்கியக் காரணம். சைக்கிள் ஓட்டுபவருக்கு இந்த அமைப்பு வேறொரு வகையில் பயன்படுகிறது. சமவெளியில் நெடுஞ்சாலையும் ரயில்பாதையும் செல்கின்றன. மலையடிவாரத்தில் ஒயின் சாலை. அதற்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 200 முதல் 400 மீட்டர் வரை, திராட்சைத் தோட்டங்களும் அவற்றினூடே செல்லும் சிமெண்டுப் பாதைகளும். அதற்கும் மேலே காடு. உச்சியில் மலைமுகட்டுச் சாலை. இரைச்சல் அடித்தட்டிலும் உச்சித்தட்டிலும் குவிந்துவிடுவதால், இடையில் உள்ள தோட்டமும் காடும் நமக்கென்று ஒதுங்கிக் கிடக்கின்றன.

தோட்டப் பாதைகள் டிராக்டர்களுக்காகப் போடப்பட்டவை. பல பாதைகளில் தோட்டக்காரர்களின் வண்டிகளைத் தவிர வேறு மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி கிடையாது, சைக்கிளுக்குத் தடையில்லை. இவற்றில் பலவற்றை இணைத்துத்தான் அல்சாஸின் திராட்சைத் தோட்ட சைக்கிள் வழி அமைக்கப்பட்டிருக்கிறது. இங்கிலாந்திலிருந்து இத்தாலி வரை செல்லும் ஐந்தாம் எண் ஐரோப்பிய சைக்கிள் வழியின் ஒரு பகுதியாகவும் அது விளங்குகிறது. மலையடிவாரம் என்பதால் சமதளமாக இருக்கும் என்று நம்பி வந்துவிடக் கூடாது. ஒவ்வொரு கிராமத்தைக் கடந்ததும் இருநூறு முந்நூறு மீட்டருக்குச் செங்குத்தான ஏற்றம், உடனே ஓர் இறக்கம், மறுபடியும் ஏற்றம் என்றே நாள் முழுவதும் கழியும். நீளமான கணவாயில் ஒரே சீராக மிதிப்பதைவிட இது முழங்காலை அதிகம் சோதிக்கும். ஆகையால் மிகக் குறைந்த கியர் உள்ள வண்டி அவசியம். திராட்சை பறிக்கும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இதே பாதைகளில் டிராக்டர்கள் வரிசையாக நிற்கும். அப்போது வழிவிட வேண்டியவர்கள் நாம்தான், ஏனெனில் நமக்கு அது பொழுதுபோக்கு, அவர்களுக்கு ஆண்டு முழுவதும் செய்த உழைப்பின் பலன். என் கணக்கில் மே கடைசியும் ஜூன் மாதமும்தான் சிறந்த பருவம். மேற்கிலிருந்து வரும் மழைமேகங்களை வோஜ் மலை தடுத்துவிடுவதால், அதன் கிழக்கே உள்ள கொல்மார் பிரான்ஸிலேயே மிகக் குறைவாக மழை பெறும் நகரங்களுள் ஒன்று. நம் ஊரில் மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை விளைவதை அறிந்தவர்களுக்கு இந்த மழைமறைவு புதிதாகத் தோன்றாது.

கொல்மாருக்கு வடக்கே உள்ள ரிக்வீர் கிராமத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பதினாறாம் நூற்றாண்டின் மரச்சட்ட வீடுகள் குலையாமல் நிற்கும் அந்த ஊரின் ஒரே பெரிய வீதியில் நண்பகலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பதே பெரும்பாடு. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள பென்வீரில் இறங்கி நிற்பவர் மிகக் குறைவு. 1944ஆம் ஆண்டு டிசம்பரில் நடந்த சண்டையில் அந்த ஊர் ஏறக்குறைய முழுவதும் அழிந்தது. போருக்குப் பின் கட்டப்பட்ட நேரான வீடுகளும், ஒரு பக்கச் சுவர் முழுவதும் வண்ணக் கண்ணாடியாக ஒளிரும் புதிய தேவாலயமும்தான் இப்போது அங்கே இருக்கின்றன. பக்கத்திலுள்ள மிட்டல்வீர், சிகோல்ஸைம் ஆகிய ஊர்களின் கதையும் இதுவே. சிகோல்ஸைமின் குன்றில், திராட்சைக் கொடிகளுக்கு மேலே, பிரெஞ்சு இராணுவக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே புதைக்கப்பட்டவர்களில் பலர் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்து போரிட்ட வீரர்கள். கொல்மார் சமவெளி முழுவதும் தெரியும் அந்தக் குன்றுக்குச் செல்லும் ஏற்றத்தை நான் ரிக்வீரின் வீதியைவிட உயர்வாக மதிக்கிறேன். பயண நிறுவனங்களின் கையேடுகளில் சிகோல்ஸைமுக்கு ஒரு வரி கிடைத்தாலே பெரிது என்பது வேறு விஷயம்.

தோட்டத்திலிருந்து மலைக்கு ஏற எனக்கு மிகவும் பிடித்த வழி கொல்மாருக்கு மேற்கே தொடங்குகிறது. துர்க்கைம் ஊரின் பழைய கோட்டை வாயிலைக் கடந்து, தோட்டங்களினூடே நீடர்மோர்ஷ்வீருக்குச் செல்ல வேண்டும். திருகி முறுக்கியது போன்ற கூம்பு உள்ள தேவாலயம்தான் அந்த ஊரின் அடையாளம். ஊருக்கு மேலே சோமர்பெர்க் என்னும் கருங்கல் மண் சரிவு இருக்கிறது. கை ஊன்றி ஏற வேண்டிய அளவுக்குச் செங்குத்தான அந்த இடத்தில் ரீஸ்லிங் திராட்சையைப் பயிரிட்டிருப்பவர்களைப் பார்க்கும்போது, தார்ச்சாலையில் மூச்சு வாங்குவதற்கே கூச்சமாக இருக்கும். ஊரைத் தாண்டியதும் கொடிகள் முடிந்து காடு தொடங்குகிறது. காட்டினுள் வளைந்து செல்லும் சாலை சுமார் 650 மீட்டர் உயரத்தில் உள்ள த்ருவாஸெப்பி என்ற சிற்றூரில் கொண்டுபோய்ச் சேர்க்கும். பெரும்பாலோர் அங்கேயே காப்பி குடித்துவிட்டுத் திரும்பிவிடுவதால், அதற்கு மேற்பட்ட சாலையில் இன்னும் ஆள் குறைவு.

அந்தச் சாலை லேன்ஜ் என்ற போர்க்களத்தை நோக்கி ஏறுகிறது. 1915ஆம் ஆண்டு ஜூலை முதல் அக்டோபர் வரை பிரெஞ்சுப் படையும் ஜெர்மன் படையும் சில மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே கிடந்து மடிந்த மேடு அது; மணற்கல்லில் வெட்டிய ஜெர்மன் பதுங்குகுழிகள் இன்றும் சிதையாமல் இருக்கின்றன. 1871 முதல் 1918 வரை அல்சாஸ் ஜெர்மனியின் கையில் இருந்தது என்பதும், வோஜ் மலையின் முகடுதான் அன்றைய நாட்டு எல்லை என்பதும் நினைவிலிருந்தால்தான் இத்தனை கல்லறைகள் ஏன் இவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்பது விளங்கும். சற்றுத் தொலைவில் உள்ள வெட்ஸ்டைன் கணவாயிலும் பிரெஞ்சு வீரர்களின் சிலுவைகள் வரிசையாக நிற்கின்றன.

உச்சியில் செல்லும் முகட்டுச் சாலையும் அந்தப் போரின் விளைவே. எதிரியின் பீரங்கிக் கண்ணுக்குப் படாமல் ஒரு பள்ளத்தாக்கிலிருந்து மற்றொன்றுக்குத் துருப்புகளையும் உணவையும் கொண்டுசெல்லவே முகட்டின் மேற்குப் பக்கமாகப் பிரெஞ்சு இராணுவம் அதை அமைத்தது. மரங்களற்ற புல்வெளிகள், தெளிந்த நாளில் தொலைவில் ஆல்ப்ஸ், 1,424 மீட்டர் உயரமுள்ள கிரான் பலோன் என்று அதன் காட்சிகளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கோடைக்கால ஞாயிற்றுக்கிழமைகளில் அது மோட்டார் சைக்கிள்காரர்களின் சாலையாகிவிடுகிறது. வார நாளில், காலை ஒன்பது மணிக்கு முன் கடந்துவிட முடியுமானால் போகலாம். இல்லையேல் முகட்டைத் தொடாமல், மன்ஸ்டேர் பள்ளத்தாக்கிலிருந்து ப்தி பலோன் என்ற மலையில் ஏறுவதையே நான் தேர்ந்தெடுப்பேன். 9.3 கிலோமீட்டர், சராசரியாக நூற்றுக்கு 8.1 ஏற்றம், ஒற்றை வண்டி போகும் அகலம்தான் என்பதால் மோட்டார் வண்டிகள் அதிகம் வருவதில்லை. 2022இல் பெண்களுக்கான டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் அன்னமீக் வான் ஃப்ளூட்டன் மலைமேலுள்ள மார்க்ஸ்டைனில் வென்ற நாளிலும், 2023இல் ததேய் போகச்சார் அதே இடத்தில் வென்ற நாளிலும் இந்த ஏற்றம் வழியில் இருந்தது. வோஜ் மலைக்கும் அந்தப் பந்தயத்துக்கும் உள்ள உறவு பழையது: 1905இல் தெற்கே உள்ள அல்சாஸ் பலோனில் முதலில் ஏறியவர் ரெனே பொத்தியே; அடுத்த ஆண்டு பந்தயத்தையே வென்ற அவர் 1907 ஜனவரியில் இறந்துபோனார்.

ப்தி பலோனின் புல்வெளிகளில் மாடு வளர்ப்பவர்களே நடத்தும் பண்ணை உணவகங்கள் உண்டு. இறைச்சி உண்ணாதவர்கள் வெங்காயமும் உருளைக்கிழங்கும் நெடுநேரம் வெந்த பண்டத்தைக் கேட்கலாம், ஆனால் அதில் பன்றிக்கொழுப்பு சேர்ந்திருக்கும் என்பதால் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. மன்ஸ்டேர் பாலாடைக்கட்டிக்கு அந்தச் சிக்கல் இல்லை, அதன் வாடைக்கு மட்டும் மனத்தைத் தயார்செய்துகொள்ள வேண்டும். ஒயினை அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்ற மதுவரம்பு பிரான்ஸில் சைக்கிள் ஓட்டுபவருக்கும் பொருந்தும். அதைவிட முக்கியமாக, வாஸர்பூர் பக்கம் இறங்கும் சாலையில் காட்டு நிழலில் ஈரம் காயாத வளைவுகள் பல உள்ளன. இறங்கி முடித்ததும் பள்ளத்தாக்கில் குன்ஸ்பாக் வரும். ஆப்பிரிக்காவில் மருத்துவப் பணி செய்த, கைசர்ஸ்பெர்கில் பிறந்த ஆல்பர்ட் ஷ்வைட்சர் சிறுவனாக வளர்ந்த ஊர், அவர் பின்னாளில் கட்டிய வீடும் அங்கே இருக்கிறது. கால் தளர்ந்தவர்கள் அங்கிருந்து கொல்மாருக்குச் சைக்கிளோடு ரயில் ஏறிவிடலாம். தளராதவர்களுக்கு எகிஷைம் கிராமம் வரை தோட்டப் பாதை இன்னும் மீதம் இருக்கிறது.