ஒரு கேஷ், ரெண்டு வார்த்தை

"கேஷா, ஜிபேயா?" என்று கடைக்காரர் கேட்கும் கேஷ், நம்ம காசிலிருந்து போனது என்று வாட்ஸப்பில் அடிக்கடி சுற்றுகிறது. பாதிதான் சரி.

ரொக்கம் என்ற பொருளில் வரும் கேஷுக்கு மூலம் லத்தீனின் 'காப்ஸா', அதாவது பெட்டி. இத்தாலியில் காஸா, பிரெஞ்சில் கேஸ் என்று மாறி 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலீஷுக்கு வந்தது. முதலில் பணப்பெட்டியையும் குறித்தது; பிறகு பெட்டி போய் உள்ளே இருந்த பணம் மட்டும் நின்றது. கல்லாவில் இருப்பவர் கேஷியர் ஆனதும் இந்த வழியில்தான்.

இன்னொரு கேஷ் சில்லறை நாணயத்தின் பெயர். அது நம்ம காசு, போர்த்துகீசியர் வாயில் 'கைஷா' ஆகி இங்கிலீஷுக்குப் போனது. சீனாவின் ஓட்டைக்காசுக்கும் ஐரோப்பியர் இதே பெயரை ஒட்டினார்கள். சீனர்கள் அதை அப்படிச் சொல்வதில்லை. காசு நம்மிடம் எவ்வளவு பழசு என்றால், குறுந்தொகை 67இல் கிளி அலகில் பிடித்த வேப்பம்பழம், பொற்கொல்லன் நகத்தில் பிடித்த பொற்காசு போல இருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கால மதராஸ் கணக்கைப் படிப்பவர்களுக்கு இந்த இரண்டாவது கேஷ்தான் தலைவலி. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்ற தங்க நாணயம். (ஆமாம், 'பணம்' என்பதே ஒரு நாணயம்தான்.) ஏட்டில் 2–10–40 என்றிருந்தால் 2 வராகன், 10 பணம், 40 காசு. தசமமாக 2.10 என்று படித்தால் போச்சு. 40 காசு அரைப் பணம். பத்தரைப் பணம் கால் வராகன். மொத்தம் இரண்டே கால் வராகன். 1818இல் ரூபாய்க்கு மாறியபோது வைத்த விகிதம் 100 வராகனுக்கு 350 ரூபாய். அந்தக் கணக்கில் இது 7 ரூபாய் 14 அணா. கூட்டும்போது காசுப் பத்தியில் 80க்கு ஒன்று, பணப் பத்தியில் 42க்கு ஒன்று மேலேற்ற வேண்டும். இது கம்பெனி விகிதம் மட்டுமே, கடைத்தெருவில் மாற்று விகிதம் ஏறி இறங்கும். திருவிதாங்கூர் கணக்கை இதில் கலக்காதீர்கள்: அங்கே 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய்.

எது எந்தக் கேஷ் என்று பிரிக்க, அந்தச் சொல்லுக்கு முன்னால் எண்ணும், பக்கத்தில் பணமும் வராகனும் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் காசு. நாணயத்திலேயே பார்க்க ஆசையா? 1808ஆம் வருட 20 காசு செம்பு நாணயம் விற்பனையில் சுலபமாகக் கிடைக்கும். இங்கிலாந்தில் அச்சடித்த இவற்றை மதராஸுக்கு ஏற்றிய கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரமே மூழ்கியது. நம்ம ஊருக்கு வரவேண்டிய சில்லறையைப் பின்னால் முக்குளிப்பவர்கள் அள்ளினார்கள்.