குற்றாலத்துக்காரியோடு யோசெமிட்டிக்கு

ஜூன் இரண்டாவது வாரம், இங்கே அமெரிக்காவில் கலிபோர்னியாவில் இருக்கும் யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். ஞாயிறு, திங்கள் இரண்டு ராத்திரி, அங்கே பள்ளத்தாக்கில் இருக்கும் அப்பர் பைன்ஸ் முகாமில் கூடாரம். இந்த ஒரு வரிக்காக ஜனவரியிலிருந்து பாடுபட்டிருக்கிறேன்.

இந்த முகாமுக்கு முன்பதிவு ஐந்து மாதத்துக்கு முன்பே, 15ஆம் தேதி காலை 7 மணிக்குத் திறக்கும். மே 15 முதல் ஜூன் 14 வரைக்குள் போய் இறங்குவதென்றால் ஜனவரி 15 அன்று உட்கார வேண்டும். உட்கார்ந்தோம். இவர் ஒரு லேப்டாப், நான் ஒரு லேப்டாப். தீபாவளிக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போடுகிற அதே படபடப்பு. வெள்ளி, சனி எல்லாம் கண்ணெதிரே காணாமல் போனது. ஞாயிற்றுக்கிழமையைத் தட்டியதால் தப்பித்தோம். வாரக்கடைசிதான் வேண்டும் என்று அடம் பிடிக்காதவர்களுக்கு இடம் கிடைக்கும். அன்று கிடைக்கவில்லையென்றாலும் மனம் தளராதீர்கள், தேதி நெருங்க நெருங்க யாராவது ரத்து செய்துகொண்டே இருப்பார்கள்.

ஜூனேதான் வேண்டும் என்று நான் நின்றதற்குக் காரணம் அம்மா. தென்காசிக்காரி. ஏப்ரலில் இங்கே வந்தவள், அருவி என்ற சொல்லைக் கேட்டதும் "சீசன் எப்படிட்டி?" என்றுதான் கேட்டாள். சரியான கேள்வி. குற்றாலத்தில் தென்மேற்குப் பருவமழை வந்தால் சீசன். யோசெமிட்டி அருவிக்கு மழை கணக்கில்லை, மேலே பனி உருகினால்தான் தண்ணீர். மே, ஜூனில் கொட்டும். ஆகஸ்டில் போனால் பல வருஷம் 2,425 அடி வெறும் பாறையைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். அதே பூங்காவில் மேலே இருக்கும் டுவாலமி மெடோஸ் புல்வெளி இன்னும் அழகு என்கிறார்கள். ஆனால் அது 8,600 அடி உயரம், அம்மாவுக்கு மூச்சு வாங்கும். பள்ளத்தாக்கு 4,000 அடிதான்.

இடம் முடிவானபின் ஆரம்பித்தது பெட்டிப் பிரச்சினை. கூடாரம் போடும் ஒவ்வொரு சைட்டிலும் கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டி ஒன்று இருக்கும். 45 அங்குல அகலம், 33 அங்குல ஆழம், 18 அங்குல உயரம். வாசனை உள்ள எதுவும் கூடாரத்திலோ காரிலோ இருக்கக்கூடாது, இந்தப் பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும். சாப்பாடு மட்டுமில்லை, பற்பசை, சோப்பு, முகப்பூச்சு எல்லாமே. நம் வீட்டில் வாசனை இல்லாத பொருள் எது, சொல்லுங்கள்?

ஹாலில் செலோடேப் ஒட்டி அந்த அளவுக்குக் கட்டம் போட்டேன். ஐஸ் பெட்டி வைத்ததும் பாதி போயிற்று. மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, புளியோதரை, பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், முறுக்கு டின், அம்மாவின் தேங்காய் எண்ணெய். குக்கருக்கு இடமில்லை. "கரடிக்குப் பயந்தா திங்காம இருக்க முடியுமா? கடையம் பக்கம் தோட்டத்துக்கு வராத கரடியா?" என்றாள் அம்மா. அங்கே வருவது வேறு கரடி, இங்கே உள்ளது கார்க் கதவையே பிய்த்துவிடும் என்று விளக்கிப் பார்த்தேன். முறுக்கு டின் மட்டும் குறைந்தது.

இன்னொரு கவலை காப்பி. அம்மா நாலரை மணிக்கு எழுந்துவிடுவாள். காலை 6 மணி வரை அங்கே சத்தம் போடக்கூடாது. பாலும் டிகாக்ஷனும் பெட்டிக்குள் இருக்கும், அந்த இரும்புக் கதவைத் திறந்தால் பக்கத்து சைட்டே எழுந்துவிடும். ஒரு பிளாஸ்க் வாங்கியிருக்கிறேன். அதையும் ராத்திரி பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும் என்று பிறகுதான் உறைத்தது.

மற்றதெல்லாம் சின்ன வேலை. பள்ளத்தாக்குக்குள் பெட்ரோல் பங்க் கிடையாது, வழியிலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். விறகு வீட்டிலிருந்து கொண்டுபோகக் கூடாது, அதோடு பூச்சியும் போய் மரங்களைக் கெடுக்கும். அம்மாவுக்கு மட்டும் மடக்குக் கட்டில். தரையில் படுப்பது அவளுக்குப் பெரிய விஷயமில்லை, எழுந்திருப்பதுதான்.

நேற்று அவள் பையைப் பார்த்தேன். இரண்டு குற்றாலத் துண்டு. அருவிக்கடியில் போக முடியாது, பாறை வழுக்கும், தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருக்கும், தூரத்தில் நின்று சாரல்தான் என்று பத்துத் தடவை சொல்லியாயிற்று. "சாரல்ல நனைஞ்சா துவட்ட வேண்டாமா?" என்றாள். துண்டுக்கு வாசனை இல்லை, போகட்டும் என்று விட்டேன். மடிப்பைப் பிரித்தால் உள்ளே சீயக்காய்ப் பொட்டலம். அதையும் கட்டத்துக்குள் வைத்தேன்.