கட்டைப் பிரிக்கலாமா டீச்சர்?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குப் பாடத்திட்டம் என்றாலே போர்ஷன்தான். பாடக்குறிப்பேட்டில் எழுதி, முடித்த பாடத்துக்குத் தேதி போட்டு, தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் மனசு நிறைந்துவிடும்.

2017-இல் தேசியக் கல்வி அமைப்பான என்.சி.இ.ஆர்.டி., வகுப்புவாரியாகக் கற்றல் விளைவுகளை, அதாவது எந்த வகுப்பில் பிள்ளைக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை, வெளியிட்டது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை மூன்று இலக்க எண்களைக் கூட்டி, கழித்து, கடன் வாங்கியும் வாங்காமலும் அன்றாடக் கணக்குகளைப் போட வேண்டும், கூட்டுத்தொகை 999-க்குள். இன்னொரு பாடத்தலைப்பு என்றுதான் அதைப் படித்தேன். அந்த வாக்கியத்தின் எழுவாய் நான் இல்லை, பிள்ளை என்பது அப்போது உறைக்கவில்லை.

கொரோனாவுக்குப் பிறகு, 2022-இல் தமிழ்நாடு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. 2025-க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுத்தும் எண்ணும் கைவர வேண்டும் என்பது அதன் இலக்காக இருந்தது. பிள்ளைகள் கற்றிருக்கும் அளவைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தபோது, என் மூன்றாம் வகுப்பிலேயே மூன்று நிலையும் இருந்தன.

அதில் ஒரு சிறுமி 52-இல் 27 போக மீதி 35 என்று எழுதியிருந்தாள். ஏழிலிருந்து இரண்டை எடுத்திருக்கிறாள். சின்னதிலிருந்து பெரியது போகாதே! 'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்று நான் வருஷக்கணக்கில் சொல்லிவந்தது அவளிடம் போய்ச் சேரவே இல்லை.

ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தேன். 5 கட்டு, 2 உதிரி. "இதுல 27 குடும்மா" என்றேன். இரண்டு கட்டைத் தந்தாள். இரண்டு உதிரியையும் தந்தாள். இன்னும் 5 வேண்டும். மிச்சமிருந்த மூன்று கட்டையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் மெதுவாக, "கட்டைப் பிரிக்கலாமா டீச்சர்?"

பிரித்தாள். ஐந்தை எண்ணிக் கையில் வைத்தாள். மீதி 2 கட்டு, 5 உதிரி.

இது ஒரு பிள்ளைக்கு. மற்றவர்களுக்கும் சேர்த்து இரண்டு நாள் போனது. புத்தகத்தில் அந்த வாரம் பின்தங்கினேன். என்ன கற்பிப்பது என்பதைப் புத்தகம் சொல்கிறது, எதுவரை வர வேண்டும் என்பதைக் கற்றல் விளைவு சொல்கிறது. கட்டைப் பிரிக்கும் அந்த இரண்டு நாளுக்குத்தான் அட்டவணையில் இடமில்லை. அது கட்டாயம் வேண்டும் என்று கூட்டங்களில் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன்.

அடுத்த வாரம் 60-இல் 34 போக மீதி எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். நோட்டின் ஓரத்தில் ஆறு கட்டுகளை வரைந்து, ஒன்றை மட்டும் பத்துக் கோடுகளாகப் பிரித்திருந்தாள்.