பீவர்கில்லில் வெள்ளம்: மீனைத் தேடிக் கரைக்கே வந்த கதை

மோட்டல்காரரைத் திட்டிவிட்டுத்தான் தொடங்கப் போகிறேன். நியூயார்க் மாநிலத்து பீவர்கில் ஆற்றில் மீன் பிடிக்க அந்த வார இறுதிக்கு ரூம் போட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை காலை ஃபோன் போட்டு, "ஆத்துல வெள்ளமாம், நாங்க வரலை" என்றேன். முந்தைய நாளே சொல்லியிருக்க வேண்டுமாம், இனிமேல் பணம் திரும்பாதாம். இரண்டு இரவுக்கு 260 டாலர்! "ரூமுக்குள்ள தண்ணி வரலையே சார்" என்றார். கிண்டலா கரிசனமா என்று இன்னும் புரியவில்லை. எப்படியும் காசு போச்சு, போய்த்தான் பார்ப்போமே என்று நானும் நண்பனும் நியூ ஜெர்சி எடிசனிலிருந்து கிளம்பினோம்.

தப்பு என் மேலும்தான். சனி, ஞாயிறு வெயில் என்று ஆப் சொன்னதை நம்பினேன். மழை பெய்ததோ வியாழன் ராத்திரி. கேட்ஸ்கில் மலையில் பெய்கிற மழை சரிவில் இறங்கி ஆற்றைத் தூக்கிவிட்டு, வடிய நாட்கள் எடுத்துக்கொள்ளும். வானத்தைப் பார்த்துப் பயனில்லை, கன அடியைப் பார்க்க வேண்டும். மேட்டூர் அணைக்கு நீர்வரத்து எவ்வளவு என்று தினமும் செய்தியில் கேட்டு வளர்ந்தவனுக்கு இது தோன்றவில்லை பாருங்கள்! பீவர்கில் ஆற்றுக்கு குக்ஸ் ஃபால்ஸில் யூ.எஸ்.ஜி.எஸ். (அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம்) வைத்த அளவுமானி இருக்கிறது. இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். சனிக்கிழமை காலை அது காட்டியது விநாடிக்கு 3,900 கன அடி. ஒரு கன அடித் தண்ணீர் 28 கிலோ. அதாவது நூறு டன்னுக்கு மேல், ஒவ்வொரு விநாடியும்.

எண்ணாகப் பார்த்தது வேறு, ராஸ்கோ ஊரில் நேரில் பார்த்தது வேறு. வில்லோவீமாக் ஆறு வந்து பீவர்கில்லோடு சேரும் ஜங்ஷன் பூல் என்ற மடு, ஃப்ளை (பூச்சி மாதிரி கட்டிய கொக்கி) போட்டு மீன் பிடிப்பவர்களுக்குக் கோயில் மாதிரி. அந்த மடுவே தெரியவில்லை. பால் அதிகமான டீ நிறத்தில் ஒரே ஓட்டம், நடுவில் ஒரு முழு மரம் உருண்டு போகிறது. ஏப்ரல் கடைசியில் ஹெண்ட்ரிக்ஸன் பூச்சி பறக்கும், அதைத் தின்ன ட்ரவுட் மீன் மேலே வந்து வாய் திறக்கும் என்று வாங்கி வைத்திருந்த அத்தனை ஃப்ளையும் பெட்டியிலேயே தூங்கின. பூச்சி வந்தாலும் இந்தக் கலங்கலில் மீன் எங்கே பார்க்கும்?

வழிகாட்டியாக வர வேண்டியவர் காலை ஆறரைக்கே மெசேஜ்: 1,000 கன அடிக்கு மேல் ஆளை ஆற்றில் இறக்க மாட்டாராம். முன்பணம் 150 டாலர் அடுத்த முறைக்குக் கழிவாம். அடுத்த முறை எப்போது? கடுப்புதான், ஆனால் இதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. வேடர்ஸ் (தண்ணீர் புகாத கால்சட்டை) போட்டுக்கொண்டு முழங்கால் வரை நின்று பார்த்தேன். காலுக்கடியில் சரளை நகர்ந்தது. பேசாமல் ஏறிவிட்டேன்.

கீழே கொஞ்ச தூரத்தில் ஒரு பெரியவர் தண்ணீரில் காலே வைக்காமல், புல்மேல் நின்று தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் வாய் பிளந்து நடு ஆற்றைப் பார்ப்பதைப் பார்த்துச் சிரித்தார். "நீ மீனா இருந்தா அங்கயா நிப்ப?" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். வெள்ளத்தில் ட்ரவுட் எங்கும் ஓடிப்போவதில்லை. ஓட்டத்தோடு மல்லுக்கட்டினால் தின்றதெல்லாம் அதற்கே செலவாகிவிடும். அதனால் பாறைக்குப் பின்னால், சுழி திரும்பும் இடத்தில், மூழ்கிய புல்லோரத்தில் ஒதுங்கி நிற்கும். மழை கரையிலிருந்து அடித்துவரும் மண்புழு நேராக வாய்க்கே வரும். கண் மங்கினாலும், உடம்பின் பக்கவாட்டுக் கோட்டால் தண்ணீரின் அதிர்வைப் பிடித்துவிடும். எனவே பெரிய, கறுத்த, ஆடி அசையும் ஃப்ளை வேண்டும். மெல்லிய தங்கூசி இழை வேண்டாம், கலங்கலில் தடித்த இழைகூட மீனுக்குத் தெரியாது. தண்ணீர் ஏறும்போது குப்பைதான் மாட்டும், இறங்கத் தொடங்கியதும் போடு என்றார். பிரவுன் ட்ரவுட் குஞ்சுகள் சரளையை விட்டு வெளியே வருவது இந்தப் பருவத்தில்தானாம். இப்படி ஒரு வெள்ளம் அவற்றை வாரிக்கொண்டு போய்விடும், பெரியது தப்பித்துக்கொள்ளும். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

வூலி பக்கர் என்ற ஒரு கறுப்பு ஃப்ளை. கரையிலிருந்து இரண்டடிகூட இருக்காது, புல்லை ஒட்டி இறக்கினேன். நாலைந்து முறை சருகு. அடுத்து மாட்டியதையும் சருகு என்றே நினைத்தேன், சருகு திரும்பி இழுத்தது! நண்பன் "விடாதடா, விடாதடா" என்று கத்த, நான் பொடியன் மாதிரி கரையோரமாகவே ஓட, பதினாலு அங்குல பிரவுன் ட்ரவுட். சிவப்புப் புள்ளிகள், வெண்ணெய் நிற வயிறு. வலையிலிருந்து எடுக்காமலே கொக்கியைக் கழற்றி விட்டுவிட்டேன். ஃபோட்டோ? நண்பன் கத்துவதில் மும்முரமாக இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை 2,300-க்கு இறங்கியும் நிறம் மாறவில்லை. 206-ஆம் சாலையில் டவுன்ஸ்வில் போனோம். அங்கே பெபாக்டன் அணைக்குக் கீழே டெலவேர் ஆற்றின் ஈஸ்ட் பிராஞ்ச் கிளை கண்ணாடி மாதிரி! மழைக் கலங்கலை நீர்த்தேக்கம் பிடித்து வைத்துக்கொள்கிறது. நல்ல வேளை, அணை நிரம்பி வழியவில்லை. மீன்கள் கண்ணுக்குத் தெரிந்தன, நாங்களும் அவற்றுக்குத் தெரிந்தோம். நாள் பூராவும் ஒன்றுகூட சிக்கவில்லை.

செலவு விவரத்தையும் சொல்லிவிடுகிறேன். வெளிமாநிலத்தாருக்கு உரிமம் ஒரு நாளுக்கு 10 டாலர், ஏழு நாளுக்கு 28. மோட்டலும் முன்பணமும் மேலே அழுதாயிற்று. பெட்ரோலை நண்பன் போட்டான், அதனால் கணக்கு தெரியாது.

இன்று புதன். ஆபீஸ் மீட்டிங் நடுவில் அளவுமானியைப் பார்த்தேன். 1,050. இறங்கிக்கொண்டே இருக்கிறது. எனக்கு லீவு மிச்சம் இல்லை.