புரட்டாசி பர்கர் நாட்குறிப்பு

செப்டம்பர் 19, 2025, வெள்ளி

புரட்டாசி பொறந்து மூணாம் நாளே பெரியவன் பர்கர் கேட்டுட்டான். நம்ம வீட்டுல ஐப்பசி வரைக்கும் கவிச்சியும் கிடையாது முட்டையும் கிடையாது, ஆனா ஸ்கூல் விட்டு பசியோட வர்ற புள்ளைகிட்ட இல்லன்னு சொல்ல மனசு வருமா. மத்தியானம் செஞ்ச உருளைக்கிழங்கு பொடிமாஸ் மீதி இருந்துச்சு, அத கையாலயே மசிச்சு, பொட்டுக்கடலைய பொடி பண்ணி ரெண்டு ஸ்பூன் போட்டு, கொஞ்சம் கரம் மசாலா, மல்லித்தழை சேத்து கட்லெட்டா தட்டி தோசைக்கல்லுல போட்டேன். கிழங்க மட்டும் மிக்சில போடவே கூடாது, மாவுச்சத்து வெளிய வந்து பசை மாதிரி இழுக்கும். 1996ல மெக்டொனால்ட்ஸ் இந்தியாவுக்கு வந்தப்ப மாட்டுக்கறி பர்கர் இல்லாம தான் கடை திறந்தாங்க, அவங்க ஆலு டிக்கி பர்கர்லயும் உள்ள இருக்கறது கிழங்கும் பட்டாணியும் தானே, அது நம்ம அடுப்படில வராதா என்ன.

பன்ன ரெண்டா வெட்டி, வெட்டின பக்கத்துல வெண்ணெய் தடவி அதே கல்லுல கவுத்து போட்டுடணும். அந்தப் பக்கம் மொறுமொறுன்னு ஆனா தான் சாஸ் எறங்கி பன் ஊறிப் போகாது. இத விடவே கூடாது, பாதி ருசி அங்க தான் இருக்கு.

செப்டம்பர் 24, புதன்

கொலு வெச்சாச்சு, தினம் ஒரு சுண்டல். நேத்து கொண்டைக்கடலை, அக்கம்பக்கம் எல்லாருக்கும் குடுத்தும் ஒரு கிண்ணம் நின்னுடுச்சு. அத தண்ணி விடாம மிக்சில விட்டு விட்டு ரெண்டு சுத்து தான் சுத்தணும், அங்கங்க பாதி கடலை தெரியணும், அப்ப தான் கடிக்க கடிக்க நல்லா இருக்கும். தேங்காயும் கறிவேப்பிலையும் தாளிச்ச கடுகும் அதுலயே இருக்கறதால மசாலா ஒண்ணும் பெருசா வேண்டாம். ஒரு கைப்பிடி அவல கழுவி பிழிஞ்சு சேத்தேன், பிடிச்சா உருண்டையா நின்னுச்சு.

சாஸுக்கு மயோனைஸ் கேட்டாங்க. பச்சை முட்டைல செய்யற மயோனைஸ இந்த வருஷம் ஏப்ரல் 8லேர்ந்து ஒரு வருஷத்துக்கு தமிழ்நாடு அரசு தடை பண்ணிருக்கு, நல்ல விஷயம் தான், நம்ம ஊரு வெயில்ல அது சீக்கிரம் கெட்டுப் போற சாமான். நான் கெட்டித் தயிர துணில கட்டி தொங்கவிட்டு, வடிஞ்சதுல புதினா சட்னிய கலக்கிடுவேன். சின்னவ விரல விட்டு வழிச்சு நக்குறா.

செப்டம்பர் 28, ஞாயிறு

தங்கச்சி போன் பண்ணா. ஊறவெச்ச கடலைய குக்கர்ல வேகவெச்சு அரைச்சு தட்டுறாளாம், எண்ணெய்ல போட்ட உடனே பிரிஞ்சு போகுதாம். ஏன்டி, மசால் வடைக்கு கடலைப்பருப்ப வேகவெச்சா அரைக்கிறோம்? ஊறவெச்சு பச்சையா அரைச்சா அதோட மாவுச்சத்து எண்ணெய்ல வேகறப்ப தான் பசையாகி ஒண்ண ஒண்ணு பிடிச்சுக்கும். அரபு நாட்டு ஃபலாஃபலும் அப்படி தான், ராத்திரி பூரா ஊறின கொண்டைக்கடலைய பச்சையா அரைச்சு பொரிக்கறாங்க. வேகவெச்சதுல அந்த வேல ஏற்கனவே முடிஞ்சுடும், கடலை உள்ள தண்ணியும் குடிச்சிருக்கும், அதனால ஈரத்த உறிஞ்ச பொட்டுக்கடலை மாவோ அவலோ ரஸ்க் தூளோ போட்டே ஆகணும். கோலா உருண்டைக்கு நம்ம ஆளுங்க பொட்டுக்கடலை போடறதும் இதுக்கு தானே, கறியோ வாழைப்பூவோ எதுவா இருந்தாலும் உருண்டை பிரியக்கூடாது. தட்டினத இருபது நிமிஷம் ஃப்ரிட்ஜுல வெச்சு எடுத்து போடு, கீழ்ப்பக்கம் செவக்கற வரைக்கும் கரண்டியால தொடாதன்னு சொன்னேன். சாயங்காலம் போட்டோ அனுப்பிச்சா, ஒண்ணு கூட ஒடையல!

அக்டோபர் 5, ஞாயிறு

கொலு எடுத்தாச்சு. இன்னிக்கு மீல் மேக்கர், வீட்டுக்காரருக்காக. கறி ருசி தேடறவங்களுக்கு இது தான் சரி. எண்ணெய் எடுத்த சோயா மாவுல செய்யறது, காஞ்ச நிலைல பாதிக்கு பாதி புரதம், ஊறினா நார் நாரா இருக்கும். உப்பு போட்ட கொதிக்கற தண்ணில பத்து நிமிஷம் போட்டு, ரெண்டு தடவ பச்சத்தண்ணில அலசி, ஒவ்வொரு பிடியா எடுத்து சொட்டு தண்ணி இல்லாம பிழியணும். பிழியறப்ப வர்ற அந்த நுரைத் தண்ணில தான் சோயா வாடை பூரா போகும், அத பாக்காம விட்டா எவ்வளவு மசாலா போட்டாலும் வாடை தலை தூக்கும். அப்புறம் மிக்சில உதிரியா பொடிச்சு, சோம்பு, மிளகு, இஞ்சி பூண்டு, பொன்னிறமா வதக்கின வெங்காயம், ஒரு கிழங்கு, பொட்டுக்கடலை மாவு.

தட்டறப்ப பன் அளவுக்கே தட்டினா போதும், கறி மாதிரி இது வேகறப்ப பெருசா சுருங்காது. அவரு ரெண்டு சாப்ட்டுட்டு ஐப்பசிலயும் இதையே செய்யின்னார், எனக்கு அவ்வளவு சந்தோஷம். மிச்சத்த நடுநடுவுல பட்டர் பேப்பர் வெச்சு அடுக்கி ஃப்ரீசர்ல போட்டிருக்கேன், காலைல அப்படியே எடுத்து சின்ன தீயில மூடி போட்டு ரெண்டு பக்கமும் வேகவிட்டா ஸ்கூல் டப்பாவுக்கு ஆச்சு. தக்காளிய மட்டும் தனி டப்பால குடுக்கணும், உள்ள வெச்சா மத்தியானத்துக்குள்ள பன் நனைஞ்சுடும்.