ஒன்பது கோவிலும் ஒரே நாளில்: அடங்காத சிறுநீர்ப்பையோடு ஒரு பயணம்

எங்கள் பெரிய வீட்டின் முகப்புக் கதவுச் சாவி ஒரு சாண் நீளம் இருக்கும். அதைத் துவாரத்தில் நுழைத்து, சற்றே மேலே தூக்கிப் பிடித்து, இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் பூட்டு இளகும். மூன்று ஆண்டுகளுக்கு முன், கடைத்தெருவிலிருந்து எந்த அவசரமும் இல்லாமல் நடந்து வரும் நான், அந்தச் சாவியைக் கையில் எடுத்த மாத்திரத்தில் அடிவயிறு முறுக்கிக்கொண்டு, இந்த நொடியே போயாக வேண்டும் என்ற நிலைக்கு ஆளாகத் தொடங்கினேன். கழிப்பறையோ முகப்பையும் வளவையும் இரண்டாம் கட்டையும் அடுப்படியையும் தாண்டி, பின்வாசல் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. கார்த்திகை மாதத்து மாலை ஒன்றில் இரண்டாம் கட்டைத் தாண்ட முடியவில்லை. அறுபது வயதில், வேலைக்காரப் பெண் வருவதற்குள், ஆத்தங்குடிக் கல் பாவிய தரையைப் பழைய வேட்டித் துணியால் நானே துடைத்தேன்.

அதன் பிறகு நான் செய்தவை அனைத்தும் தவறு. முதலில் தண்ணீரைக் குறைத்தேன். வெளியே போகும் நாளில் காலையில் ஒரு வாய்க் காப்பியோடு சரி. சிறுநீர் அடர்ந்து மஞ்சளாகி எரிச்சல் கொடுத்ததும், மலச்சிக்கல் சேர்ந்துகொண்டதும்தான் கண்ட பலன். குடல் நிறைந்திருந்தால் அது சிறுநீர்ப்பையையும் அழுத்தும் என்பதை நான் அப்போது அறியவில்லை. அடுத்து, மருந்துக்கடையில் வாய் திறந்து கேட்கக் கூசி, மகள் விட்டுச் சென்றிருந்த மாதவிலக்கு நாப்கினை வைத்துக்கொண்டு தேவகோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பந்தியில் உட்கார்ந்து எழுந்தபோது புடவையின் பின்புறம் நனைந்திருந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, தலைவலி என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த ஓராண்டு எந்த விசேஷத்துக்கும் போகவில்லை.

மதுரையில் ஒரு சிறுநீரகவியல் மருத்துவரிடம் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியவள் மகள்தான். அவர் மருந்து எழுதுவதற்கு முன் வீட்டுப்பாடம் கொடுத்தார்: மூன்று நாள், எத்தனை மணிக்கு என்ன குடித்தேன், எத்தனை மணிக்குப் போனேன், எவ்வளவு போனேன், அடக்க முடியாமல் கசிந்ததா என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுத வேண்டும். அளவுக் கோடு போட்ட அரை லிட்டர் பிளாஸ்டிக் குவளை ஒன்று வாங்கிக் கழிப்பறையில் வைத்தேன். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு எழுதிய கைக்கு அந்த வேலை சிரமமாக இல்லை. ஆனால் எழுதி முடித்த கணக்கு திடுக்கிட வைத்தது. பகலில் பதினான்கு தடவை, இரவில் மூன்று. ஒவ்வொரு தடவையும் 100 மில்லிக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். வளர்ந்த ஒருவரின் சிறுநீர்ப்பை 400 முதல் 500 மில்லி வரை தாங்கக்கூடியது என்றும், என்னுடையது கால்வாசி நிரம்பியதுமே இறுகத் தொடங்கிவிடுகிறது என்றும் மருத்துவர் சொன்னார்.

சர்க்கரை, சிறுநீர்த் தொற்று, போன பிறகும் உள்ளே தங்கும் நீரின் அளவைக் காட்டும் ஸ்கேன் ஆகியவற்றைப் பார்த்து, வேறு காரணம் இல்லை என்று தெரிந்த பிறகே இதற்கு 'ஓவர் ஆக்டிவ் பிளாடர்' என்று பெயர் சொன்னார், அதாவது நிரம்பும் முன்பே இறுகும் அடங்காத சிறுநீர்ப்பை. நான் இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிட்டுவந்த மாத்திரையில் நீரைப் பிரித்து வெளியேற்றும் மருந்தும் கலந்திருந்ததைக் கண்டு, அதை மாற்றி வேறு எழுதினார். சாவி விஷயத்தைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. கதவைத் திறந்தால் கழிப்பறை என்று மூளை பழகிவிட்டதால், சாவியைக் கண்டதுமே அது உத்தரவு போட்டுவிடுகிறது என்றும், இப்படிப் பலருக்கும் வருவதுதான் என்றும் விளக்கினார். அது எனக்கு மட்டும் பிடித்த பைத்தியம் இல்லை என்று தெரிந்ததே பாதி மருந்து.

மீதிப் பாதி அவ்வளவு எளிதாக வரவில்லை. முதலில் சோலிஃபெனாசின் 5 மில்லிகிராம், தினம் ஒன்று. கண்ணில் நீரழுத்த நோய் உண்டா என்று கேட்டு, இல்லை என்று உறுதிசெய்துகொண்டபின் கொடுத்தார். சிறுநீர்ப்பைத் தசையை இறுகச் சொல்லும் நரம்புச் செய்தியை அது தடுக்கிறது. ஆனால் அதே வகைச் செய்தியைக் கேட்டுத்தான் உமிழ்நீர்ச் சுரப்பியும் குடலும் வேலை செய்கின்றன என்பதால் அவையும் மந்தமாகிவிடுகின்றன. வாய் வறண்டது, வறண்டதால் தண்ணீர் குடித்தேன், குடித்ததால் எழுந்து போனேன். மலச்சிக்கலும் மிஞ்சியது. ஆறு வாரம் பொறுத்துப் பார்த்து மறுபடி மதுரைக்குப் போனபோது மிராபெக்ரானுக்கு மாற்றினார். இது வேறு வழியில் வேலை செய்து, நிரம்பும் நேரத்தில் தசையைத் தளர்த்துகிறது. இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடும் என்பதால் வாரம் ஒரு முறை அளந்து குறித்து வரச் சொன்னார். முழுப் பலன் தெரிய எட்டு வாரம் வரை ஆகலாம் என்றும் எச்சரித்தார். மாத்திரை பெரிதாக இருக்கிறதே என்று முதல் வாரம் நான் இரண்டாக உடைத்து விழுங்கிக்கொண்டிருந்தேன். மருந்துக்கடைப் பையன்தான், "ஆச்சி, இது கொஞ்சம் கொஞ்சமா கரையிற மாத்திரை, உடைக்கக் கூடாது" என்று தடுத்தான்.

மருந்தோடு பயிற்சியும் உண்டு. அவசரம் வந்ததும் ஓடக் கூடாது. நின்ற இடத்தில் நின்று, சிறுநீரை நிறுத்துவதற்கு இறுக்கும் அந்தத் தசையை ஐந்தாறு முறை விரைவாக இறுக்கி விட வேண்டும். அலை மாதிரி ஏறிய உந்துதல் அரை நிமிடத்தில் இறங்கும். இறங்கிய பிறகு நடக்கலாம். நான் இத்தனை நாளும் அது ஏறும்போது ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பாதுகாப்பு உடையை ஏற்றுக்கொள்ளத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. டயப்பர் என்ற சொல்லே படுக்கையில் விழுந்தவர்களுக்கானதாகப் பட்டது. ஒருநாள் மதியம், வீட்டில் யாரும் இல்லாதபோது, நாப்கின் ஒன்றையும் பெரியவர்களுக்கான பேன்ட் வகை டயப்பர் ஒன்றையும் தரையில் விரித்து, அளவுக் குவளையால் இரண்டிலும் 200 மில்லி தண்ணீரை ஒரே வீச்சில் ஊற்றினேன். நாப்கினின் ஓரங்களில் தண்ணீர் வழிந்து கல்லில் ஓடியது. மற்றது ஒரு கணம் தயங்கி, பிறகு உறிஞ்சிக்கொண்டு, பொங்கல் பதத்துக்கு உப்பியது. உள்ளங்கையை வைத்து அழுத்தியும் கை நனையவில்லை. இரத்தம் மெதுவாக வரும், சிறுநீர் ஒரே பாய்ச்சலாக வரும். ஒன்றுக்குச் செய்ததை மற்றதற்குப் போட்டால் கல்யாணப் பந்தியில் நடந்ததுதான் நடக்கும். அளவையும் குத்துமதிப்பாக வாங்கக் கூடாது. தாராளமாக இருக்கட்டும் என்று நான் வாங்கிய முதல் பாக்கெட் தொடையோரம் கசிந்தது. இடுப்புச் சுற்றளவை நாடாவால் அளந்து வாங்கிய பிறகுதான் சரியாக அமைந்தது.

உடை கைவசம் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் நான் மறுபடி ஒழுங்காகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தேன். தண்ணீர் உள்ளே போனதும் எரிச்சல் நின்றது, மலம் இளகியது, மாத்திரையின் பலனும் அப்போதுதான் நோட்டில் தெரியத் தொடங்கியது. இதை எந்தச் சீட்டிலும் எழுதித் தரவில்லை, நானாகக் கண்டுகொண்டது.

அந்த மாசி மாதம் எங்கள் வீட்டார் ஒன்பது நகரக் கோவில்களையும், அதாவது நகரத்தாரின் குலக் கோவில்களையும், ஒரே நாளில் தரிசிக்க வேன் பேசினார்கள். நான் தயங்கியது தொலைவுக்காக அல்ல. இதைக் கட்டிக்கொண்டு, அதுவும் நனைந்தால், சன்னதிக்குள் எப்படி நிற்பது? எண்பத்து நான்கு வயது அயித்தையிடம் தனியாகக் கேட்டேன். வெற்றிலையை இடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஏன்டி ஆத்தா, உடம்பு பண்றதுக்கு நீ என்ன பண்ணுவே? சாமிக்குத் தெரியாத உடம்பா?" என்றார். சற்றுக் கழித்து, குரலைத் தாழ்த்தி, "அது எங்கடி கிடைக்கிது?" என்று கேட்டார். மறுநாள் அவருக்கும் ஒரு பாக்கெட் வாங்கி வந்தேன்.

காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். காப்பியை அன்று முற்றிலும் விட்டுவிட்டு, மணிக்கொரு தரம் அரை டம்ளர் வீதம் தண்ணீர் குடித்தேன். மஞ்சள் பையில் மாற்று உடை இரண்டு, உள்பாவாடை ஒன்று, பழைய செய்தித்தாள், கழற்றியதைச் சுருட்டிக் கட்டக் கறுப்பு உறைகள், ஒரு புட்டி தேங்காயெண்ணெய். பேன்ட் வகையைக் கழற்றும்போது இடுப்போரத் தையலைக் கிழித்துவிட்டால் போதும், ஈரத் தரையில் கால் தூக்கிக் கஷ்டப்பட வேண்டியதில்லை. புதிதைப் போடத்தான் உலர்ந்த இடமும் பிடித்துக்கொள்ள ஒரு கையும் வேண்டும். அதற்காக, நடை சாத்தும் மதிய நேரத்தில் உறவினர் ஒருவர் வீட்டில் தங்கும்படி முன்பே ஏற்பாடு செய்திருந்தேன். வேனில் கதவோரம் உட்கார்ந்துகொண்டு ஓட்டுநரிடம், "தம்பி, நான் சொன்னா நிறுத்தணும், ஏன்னு கேக்கக் கூடாது" என்றேன். "சரிங்க ஆச்சி" என்றார், கேட்கவும் இல்லை.

மாத்தூரும் இலுப்பைக்குடியும் அருகருகே என்பதால் காலையில் சிரமமே இல்லை. பிள்ளையார்பட்டியில் தேவை இருந்ததோ இல்லையோ, இடம் இருந்ததால் போனேன். அப்படிச் சும்மா போவதும் கெட்ட பழக்கம்தான், சிறுநீர்ப்பை கொஞ்சத்திலேயே கூப்பிடப் பழகிவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பயணத்தன்று மட்டும் எனக்கு நானே விலக்குக் கொடுத்துக்கொண்டேன். கடைசியாக இரணியூர். அங்கே தூண் சிற்பங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது உந்துதல் ஏறியது. நின்றேன், இறுக்கினேன், ஆனாலும் சிறிது கசிந்தது. ஒரு கணச் சூடு, பிறகு ஒன்றுமில்லை. பக்கத்தில் நின்ற ஓர்ப்படியாள் பேச்சை நிறுத்தவே இல்லை. நான் அடுத்த தூணுக்கு நகர்ந்தேன்.

இப்போது நோட்டில் பகல் எட்டு, இரவு ஒன்று என்று நிற்கிறது. மாத்திரை தொடர்கிறது. சென்னைக்கு மகள் வீட்டுக்குப் பேருந்தில் போவதை விட்டுவிட்டு, காரைக்குடியிலேயே புறப்படும் பல்லவன் ரயிலில் போகிறேன். வாசலை ஒட்டிய, நடைபாதையோர இருக்கையாகக் கேட்டு வாங்குகிறேன்.

ஒன்பது கோவிலையும் பார்த்த அன்று இரவு வீடு திரும்பியதும் எல்லோரும் கதவைத் திற என்றார்கள். நான் சாவியை எடுக்காமல் திண்ணையில் இரண்டு நிமிடம் உட்கார்ந்தேன். கால் வலிக்கிறதா என்று கேட்டவர்களுக்கு ஆமாம் என்றேன். பிறகு எழுந்து, சாவியை நுழைத்து, தூக்கிப் பிடித்து, இரண்டு சுற்றுச் சுற்றினேன். முறுக்கல் வந்தது, கையைப் பூட்டிலேயே வைத்துக்கொண்டு அது இறங்கும்வரை நின்றேன். பின்கட்டுவரை நடந்தே போனேன். அங்கே விளக்குதான் எரியவில்லை.