நடுவர் தீர்ப்பு எழுதும் தேர்வும் எனக்குக் கிடைத்த வழிகாட்டியும்

நீதிமன்றத்துக்கு வெளியே, தரப்பினர் ஒப்படைக்கும் தகராறுகளை விசாரித்துத் தீர்ப்பளிப்பவரே நடுவர். அந்தத் தகுதிக்கான தேர்வுகளில், தீர்ப்பு எழுதும் தாளில்தான் நான் முதல் முறை தோற்றேன். குடும்பத்தின் முதல் வழக்கறிஞராகவும் பெண்ணாகவும் இத்துறைக்குள் வந்த எனக்குச் சட்டம் தெரியாமல் இல்லை. முழுமையான ஒரு நடுவர் தீர்ப்பை அதுவரை கண்ணால் பார்த்ததே இல்லை. நீதிமன்றத் தீர்ப்புகளைப் போலன்றி வணிகத் தகராறுகளின் நடுவர் தீர்ப்புகள் பெரும்பாலும் வெளியாவதில்லை என்பதால், அத்தகைய வழக்குகளை நடத்தும் அலுவலகங்களில் இருப்பவர்களே அவற்றைப் படித்துப் பழகுகிறார்கள்.

இரண்டாம் முறைக்கு முன் மூத்த நடுவர் ஒருவர் எனக்கு வழிகாட்ட இசைந்தார். தேர்வில் எழுதியதை நினைவிலிருந்து மீண்டும் எழுதி எடுத்துச் சென்றேன். இரண்டு பக்கம் படித்துவிட்டு, "இது ஒரு தரப்பு வக்கீலின் எழுத்தும்மா" என்றார். தம்மிடமிருந்த தீர்ப்புகளைக் காட்ட மறுத்தார் (அது சரிதான்). வெளியிடப்பட்டிருக்கும் முதலீட்டுத் தகராறுத் தீர்ப்புகளைப் (வெளிநாட்டு முதலீட்டாளருக்கும் ஓர் அரசுக்கும் இடையிலானவை) படிக்கச் சொன்னார். தோற்ற தரப்பின் வாதத்தை, அத்தரப்பே ஒப்புக்கொள்ளும் வகையில் தீர்ப்பில் எப்படிச் சுருக்கியிருக்கிறார்கள் என்பதை அவற்றிலிருந்தே கற்றேன்.

ஐக்கிய நாடுகளின் வணிகச் சட்ட ஆணையம் நாடுகள் தம் நடுவர் சட்டங்களுக்கு முன்மாதிரியாகக் கொள்ள 1985இல் வெளியிட்ட மாதிரிச் சட்டத்தின் 31ஆவது பிரிவு, தீர்ப்பு எழுத்தில் இருக்க வேண்டும், கையொப்பம், காரணங்கள், தேதி, நடுவர் அமர்விடம் (விசாரணை சட்டப்படி நடந்ததாகக் கொள்ளப்படும் இடம்) ஆகியவை இடம்பெற வேண்டும் என்கிறது. நான் அமர்விடத்தை விட்டிருந்தேன். வட்டிக் கோரிக்கைக்கு விடையே எழுதவில்லை. கேட்டதை விட்டுவிட்டால் கூடுதல் தீர்ப்புக் கோர 33ஆவது பிரிவு இடமளிக்கிறது. தரப்பினர் ஒப்படைக்காத விஷயத்தைத் தீர்மானித்தாலோ 34ஆவது பிரிவின்படி தீர்ப்பே ரத்தாகலாம், ஒரு நாட்டின் நடுவர் தீர்ப்பை மற்ற நாடுகளில் அமலாக்க வழிசெய்யும் 1958ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையின் கீழ் அதன் அமலாக்கமும் மறுக்கப்படலாம். ஆகவே வினாவைப் படித்ததும் எல்லாக் கோரிக்கைகளையும் ஒரு பட்டியலாக எழுதி, இறுதி உத்தரவில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இருக்கிறதா என்று சரிபார்க்கப் பழகினேன். தேறினேன்.

தேறியபின் ஓராண்டு எந்த நியமனமும் வரவில்லை. தரப்பினரின் வழக்கறிஞர்கள் தங்களுக்கு நினைவுக்கு வரும் பெயர்களையே முன்மொழிகிறார்கள். அந்த நினைவில் என்னைப் போலப் புதிதாக வரும் பெண்கள் இல்லை. நியமனங்களில் பெண்களுக்கு நியாயமான இடம் கோரும் சம பிரதிநிதித்துவ உறுதிமொழி 2016இல்தான் வந்தது. எனவே வழிகாட்டியிடம் பொதுவாக அறிவுரை கேட்காதீர்கள், குறிப்பாகக் கேளுங்கள். தரப்பினரின் சம்மதத்துடன் நடுவர் மன்றச் செயலராகப் பணிபுரிய முடியுமா, ஒரு சமரசப் பேச்சில் பார்வையாளராக அமரலாமா, சிறிய தொகைக்கான வழக்கு வந்தால் என் பெயரைச் சொல்வீர்களா என்று நான் கேட்டேன். கேட்பதற்குக் கூச்சமாகத்தான் இருந்தது. முதல் நியமனம் மூன்றாவது கேள்வியின் வழியாகவே வந்தது.

உங்களைப் போன்ற பின்னணியிலிருந்து வந்தவர்தான் வழிகாட்ட வேண்டும் என்பதில்லை. அவமதிப்புகளைப் பற்றி மனம்விட்டுப் பேச அத்தகைய ஒருவரும், நியமனங்கள் பேசப்படும் அறைகளில் இருக்கும் இன்னொருவரும் அமைந்தால் நல்லது. ஆனால் வழிகாட்டியே வழக்கறிஞராக வரும் வழக்கில் நீங்கள் நடுவராக முன்மொழியப்பட்டால், அந்த உறவை இரு தரப்புக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். நடுநிலை குறித்து நியாயமான ஐயம் எழுப்பக்கூடியவற்றை வெளிப்படுத்துவது மாதிரிச் சட்டத்தின் 12ஆவது பிரிவு விதிக்கும் கடமை. அந்தக் கடிதத்தின் வாசகத்தை வழிகாட்டியிடம் கேட்காமல் நீங்களே எழுத வேண்டும்.